பீரோவில் இருந்த துப்பாக்கி

1980, மே 19, திங்கட்கிழமை. காலை 8.40.

மதுரை சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டில் திருநகர் பஸ்ஸுக்குக் காத்திருந்த கூட்டத்தின் நடுவே ஒரு சத்தம் கேட்டது. டயர் வெடித்தது என்று பாதிப் பேர் நினைத்தார்கள். பஸ் வந்தது. முண்டியடித்து ஏறினார்கள். ஏறாமல் போனவன் ஒருவன்தான். அவன் குப்புறக் கிடந்தான்.

லாரி டிரைவர் வீரணன், வயது முப்பத்தெட்டு. இடது தோள்பட்டைக்குக் கீழே ஒரே ஒரு ஓட்டை. சுற்றிலும் சட்டை கருகியிருந்தது. முதுகில் ஒட்டி வைத்துச் சுட்டிருக்கிறார்கள்.

8.55.

இன்ஸ்பெக்டர் கருத்தக்கண்ணன் வந்தபோது பஸ் ஸ்டாண்டின் இரண்டு வாசல்களையும் போலீஸார் அடைத்திருந்தார்கள். உள்ளே தொண்ணூறு பேர். பத்தடி தூரத்தில் மொக்கையனின் டீக்கடை.

"என்னய்யா பாத்த?"

"ஒண்ணும் பாக்கலைங்க. அந்நேரம் டீ ஆத்திக்கிட்டு இருந்தேன். குனிஞ்சிருந்தேன்."

"எவன்யா குனிஞ்சுக்கிட்டு டீ ஆத்துவான்? நிமிந்து நின்னுதான ஆத்துவான்!"

"நான் குனிஞ்சுதாங்க ஆத்துவேன்."

மற்ற எண்பத்தொன்பது பேரும் அதே நிமிஷத்தில் குனிந்திருந்தார்கள். ஒருவர் செருப்பு வாரைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒருவர் சில்லறையைத் தேடிக்கொண்டிருந்தார். கருத்தக்கண்ணனுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

சோதனை போட்டார்கள். நான்கு கத்தி, ஒரு சைக்கிள் செயின், ஒரு மூதாட்டியிடம் மிளகாய்ப் பொடிப் பொட்டலம், ஸ்டவ் ரிப்பேர்காரன் ஜமீலின் கருவிப் பையில் குழாயை அறுத்துச் செய்த நாட்டுத் துப்பாக்கி. எதற்கு என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்: "பாதுகாப்புக்கு." ஊரே பாதுகாப்பாகத்தான் இருந்தது. செத்தவன் கையில்தான் ஒன்றும் இல்லை.

அதுதான் கருத்தக்கண்ணனை அறுத்தது. பொங்கலன்று ஒரு சினிமாக் கொட்டகை டிக்கெட் வரிசையில் ஒரு கல்லூரி மாணவனைக் குத்திக் கொன்றுவிட்டார்கள். குத்தியது வெல்ல மண்டி முதலாளி அழகுமலையின் மகன். வரிசையில் இருநூறு பேர். நான் பார்த்தேன் என்று சொன்னவன் வீரணன் மட்டும்தான். ஜூனில் கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டியவன். போன மாதம் ஸ்டேஷனுக்கு வந்து, "பயமா இருக்குங்கய்யா, ஒரு துப்பாக்கி லைசென்ஸுக்கு எழுதிக் குடுங்க" என்று கேட்டான். "நாங்க எதுக்குய்யா இருக்கோம், போய்யா" என்று அனுப்பி வைத்தவர் கருத்தக்கண்ணன்தான்.

9.40. ஸ்டேஷன்.

லாக்கப்பில் ஜமீல் சட்டையைத் தூக்கி விலாவில் இருந்த நீளத் தழும்பைக் காட்டினான்.

"ஆறு மாசத்துக்கு முன்னால கீழவெளி வீதியில நாலு பேரு வெட்டுனாங்க சார். கடைக்காரங்க ஷட்டரை இழுத்து விட்டுட்டாங்க. அதான் நானே ஒண்ணு செஞ்சு வச்சுக்கிட்டேன். அல்லா மேல ஆணையா இது வரைக்கும் சுட்டதில்ல. சுட்டா வெடிக்குமான்னுகூடத் தெரியாது."

"பை நெறய எண்ணெய் நாத்தம். துப்பாக்கியைத் துடைச்சு வச்சிருக்கியே?"

"ஸ்டவ் ரிப்பேர்காரன் பை வேற எப்படி சார் இருக்கும்?"

வாசல் வேப்பமரத்தடியில் அவன் தாய் மரியம் பீவி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. உள்ளே போகிற ஒவ்வொரு போலீஸ்காரரிடமும், "எம்மகன் சாப்பிட்டானான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்கய்யா" என்றாள்.

டி.எஸ்.பி. போனில் இரைந்தார். "தேர்தல் நேரம்யா! துப்பாக்கியோட ஆள் கிடைச்சிருக்கான். அஞ்சு மணிக்குக் கொலை கேஸில ரிமாண்ட் பண்ணிடு. மத்ததை மெட்ராஸ் துப்பாக்கி நிபுணர் பாத்துக்கட்டும்."

"அவர் பதில் சொல்ல ரெண்டு மாசமாகும் சார். அது வரைக்கும்..."

"அஞ்சு மணி." போன் வைக்கப்பட்டது.

கருத்தக்கண்ணன் காபியை எடுத்தார். மேலே நாலு எறும்பு மிதந்தது.

"யோவ் சோணை! ஸ்டேஷனா இது, மிட்டாய்க் கடையா?"

ஏட்டு சோணை ஓடி வந்தார். ஸ்டேஷன் ரைட்டர். ஆகஸ்டில் ஓய்வு. கையெழுத்து மணிமணியாக இருக்கும். சுவரோரமாக, ஆயுத அறைக் கதவுக்கு அடியில் போய்க்கொண்டிருந்த எறும்பு வரிசையைத் துடைப்பத்தால் தள்ளினார். "மஞ்சத் தூள் போட்டுப் பாத்துட்டேன்யா, போக மாட்டேங்குது" என்று முனகினார்.

10.30.

பிரேதப் பரிசோதனை டாக்டர் போன் செய்தார். உடம்பிலிருந்து எடுத்த குண்டு நல்ல ரிவால்வர் குண்டு, பாயிண்ட் முப்பத்திரண்டு.

"நாட்டுத் துப்பாக்கியில போட்டுச் சுட முடியுமா டாக்டர்?"

"முடியாதுன்னு நான் எழுதித் தர முடியாது இன்ஸ்பெக்டர். எனக்குத் துப்பாக்கி தெரியாது. குண்டு சொருகின உடம்புதான் தெரியும்."

நகரில் அந்த ரக ரிவால்வருக்கு லைசென்ஸ் வைத்திருந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் மூன்று மாதமாக மெட்ராஸ் ஆஸ்பத்திரியில், துப்பாக்கி அங்கே போலீஸிடம். இன்னொருவர் போன வருஷம் காலமானார், துப்பாக்கி அரசாங்கத்திடம். மூன்றாவது ஆள் அழகுமலை.

கருத்தக்கண்ணன் துள்ளி எழுந்தார். எழுந்த வேகத்திலேயே உட்கார வேண்டியதாயிற்று.

"அவர் துப்பாக்கி நம்மகிட்டதான்யா இருக்கு" என்றார் சோணை. "தேர்தலுக்காக லைசென்ஸ்காரங்க எல்லாரையும் ஒப்படைக்கச் சொன்னோம்ல? ஒம்பதாம் தேதி வந்து குடுத்தாக. நீங்க அன்னைக்குப் பந்தோபஸ்து போயிருந்தீக. ரசீது போட்டுக் குடுத்தேன்."

ஆயுத அறை பீரோவில் துணி சுற்றித் தைத்து அரக்கு சீல் வைத்த மரப்பெட்டி இருந்தது. கருத்தக்கண்ணன் கையில் தூக்கிப் பார்த்தார். கனம் சரியாக இருந்தது. சீல் உடையவில்லை. பெட்டியில் ஊர்ந்த எறும்பு இரண்டு அவர் கையைக் கடித்தன. அவற்றைத் திட்டிக்கொண்டே பீரோவைப் பூட்டினார். உலகத்திலேயே உறுதியான அலிபி அவருடைய சொந்த ஸ்டேஷனில் இருந்தது.

11.30. கீழமாசி வீதி, வெல்ல மண்டி.

அழகுமலை வாசல் வரை வந்து கும்பிட்டார். வலது முன்கையில் பழைய வெட்டுக் காயம். மூன்று வருஷத்துக்கு முன் டி. கல்லுப்பட்டி ரோட்டில் வழிப்பறிக்காரர்கள் போட்டது. அதைக் காட்டித்தான் லைசென்ஸ் வாங்கியிருந்தார்.

"வீரணன் செத்தது கேள்விப்பட்டேன். எம்பையனுக்கு எதிரா சாட்சி சொல்ல இருந்தவன். எம்மேல சந்தேகம் வாரது நியாயந்தான்."

"எட்டு நாப்பதுக்கு எங்க இருந்தீக?"

"கோயில்ல. மீனாட்சி சந்நிதியில. தனியாத்தான் போனேன். ஆனா எங்க இருந்தா என்ன சார்? என் துப்பாக்கி பத்து நாளா உங்க பீரோவுல கிடக்கு. வெறுங்கையாலயா சுடுவேன்?"

சிரித்தார். கருத்தக்கண்ணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தராசுப் பக்கம் திரும்பினார். கூலியாள் ஒருவன் வெல்லம் நிறுத்துக்கொண்டிருந்தான். ஐந்து கிலோ, இரண்டு கிலோ, அரைக் கிலோ எடைக்கற்கள் எல்லாம் வெல்லப் பிசுக்கு ஏறிக் கன்னங்கரேல் என்று இருந்தன. நடுவில் ஒரு கிலோ கல் மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

"சர்க்கரைப் பொங்கலுக்கு நல்ல வெல்லமா ரெண்டு கிலோ கட்டச் சொல்லவா சார்?"

"பொங்கல் வைக்கிற நெலமையில நான் இல்ல" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மாலை 3.50.

ரிமாண்ட் காகிதங்கள் மேஜையில் இருந்தன. சோணை அழகாக எழுதி வைத்திருந்தார். இன்ஸ்பெக்டர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. கருத்தக்கண்ணன் பேனாவைத் திறந்தார், மூடினார். காபியை எடுத்தார். மறுபடியும் எறும்பு.

"சோணை! அந்தச் சீனி டப்பாவைத் தூக்கி வெளிய எறியிறியா, இல்ல நான் எறியட்டுமா?"

"சீனி டப்பாவைத் தண்ணிக்குள்ளதான்யா வச்சிருக்கேன்! இது சீனிக்கு வாரது இல்ல. பத்து நாளா இப்படித்தான், நேரா பீரோவுக்குப் போகுது. நடுவுல காபி இருந்தா எட்டிப் பாக்குது, அம்புட்டுத்தான்."

கருத்தக்கண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"பீரோவுல என்னய்யா இருக்கு?"

"துப்பாக்கிகதான். வேற என்ன?"

"துப்பாக்கியை எறும்பு திங்குமா?"

4.05.

தெருவில் போன இரண்டு பேரைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். "நாங்க ஒண்ணும் பாக்கலைங்க" என்றார்கள். "இன்னும் காட்டவே இல்லையேய்யா!" என்று கத்தினார் கருத்தக்கண்ணன். அழகுமலையை அழைத்து வர ஜீப் போயிருந்தது. அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும், எல்லோர் முன்னாலும் அரக்கை உடைத்துப் பெட்டியைத் திறந்தார்கள்.

உள்ளே ரிவால்வர் இல்லை. சாக்குத் துணியில் சுற்றிய ஒரு கிலோ எடைக்கல். அதன் மேல் கறுப்பு வெல்லப் பிசுக்கு. பிசுக்கின் மேல் எறும்பு மொய்த்தது.

"தோல் உறை, தோட்டா எல்லாம் சேத்தா உங்க ரிவால்வர் ஒரு கிலோ வரும்" என்றார் கருத்தக்கண்ணன். "அந்தக் கனத்துக்கு ஒரு இரும்பு வேணும். கைக்கெட்டுன தூரத்துல இருந்ததை எடுத்துப் போட்டீக. இருபது வருஷமா வெல்லத்துக்குள்ளயே இருக்கிற உங்களுக்கு அந்தக் கல்லு இனிக்கும்னு தோணலை. எறும்புக்குத் தோணிருச்சு. மண்டிக்குப் புதுக் கல்லு வாங்கிப் போட்டீக. தேர்தல் முடியிற வரைக்கும் துப்பாக்கி போலீஸ் கையில இருக்குன்னு ஊருக்கே ரசீது. அதுக்குள்ள சாட்சியை முடிச்சுட்டா, மகன் வீட்டுக்கு வந்துருவான். வீரணனைச் சுட்டது நீங்கதான்."

அழகுமலை அசையவில்லை. சட்டைப் பையிலிருந்து ரசீதை எடுத்து விரித்தார்.

"படிக்கிறேன் சார். 'ரிவால்வர் ஒன்று, எண் சரிபார்த்துப் பெற்றுக்கொள்ளப்பட்டது.' ஏட்டு கையெழுத்து, ஸ்டேஷன் சீல். நான் ரிவால்வரைத்தான் குடுத்தேன். சரிபாத்து வாங்கியிருக்கீக. இப்ப உள்ள கல்லு கெடக்குன்னா, திருட்டுப் போனது உங்க வீட்டுல. எங்கிட்ட ஏன் கேக்குறீக?"

அந்த ஆள் சொன்னது சட்டப்படி சரி. ரசீது பொய்யானால்தான் அழகுமலை சிக்குவார். ரசீது மெய்யானால், யாரோ ஒரு போலீஸ்காரன் திருடினான் என்று பத்துப் பேர் தலையில் பங்கு போட்டுக் கேஸ் நாறும். ஜமீல் ஐந்து மணிக்குச் சிறைக்குப் போவான். எல்லோரும் சோணையைப் பார்த்தார்கள்.

சோணையின் கண் வாசலுக்குப் போனது. வேப்பமரத்தடியில் அந்தப் பொம்பளை இன்னும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நான் தெறந்து பாக்கலை" என்றார் சோணை.

"ஏட்டு!" என்றார் அழகுமலை.

"இவர்தான்யா, 'லோடு பண்ணியிருக்கு ஏட்டு, தெறந்தீகன்னா வெடிச்சிரும், அப்படியே சீல் வையுங்க'ன்னாரு. எனக்கு லத்தியும் பேனாவுந்தான் தெரியும். ரிவால்வரை நான் தொட்டதே இல்ல. பயந்துட்டேன். லைசென்ஸ் புத்தகத்துல இருந்த நம்பரைப் பாத்து எழுதிக் குடுத்துட்டேன்."

அழகுமலையின் கையில் ரசீது மடங்கியது.

5.30.

மண்டியில் அடுக்கின் அடியில் இருந்த மூட்டையைக் கவிழ்த்தபோது, வெல்லக் கட்டிகளோடு ரிவால்வர் உருண்டு வந்தது. ஆறு தோட்டாவில் ஒன்று குறைந்தது. கூடவே ஓட்டை விழுந்து கருகிய மஞ்சப் பை ஒன்றும் வந்தது. ரிவால்வரைப் பைக்குள் வைத்துச் சுட்டதால்தான் அது யார் கண்ணிலும் படவில்லை. பார்த்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று கருத்தக்கண்ணன் எரிச்சலோடு நினைத்துக்கொண்டார்.

ஜமீல் மேல் எழுதியிருந்த கொலைக் கேஸ் காகிதம் கிழிக்கப்பட்டது. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்குக் கேஸ் உண்டு. மறுநாள் ஜாமீன் கிடைத்துவிடும். "அதுக்கு ஃபைன் கட்டி அழு. இனிமே குழாயை வச்சு ஸ்டவ் மட்டும் செய்" என்று அவனைத் திட்டினார். மரியம் பீவி மகனுக்குக் கம்பி வழியாக இட்லி ஊட்டினாள்.

6.15.

அடுத்த காகிதம் எழுத வேண்டியிருந்தது. ஏட்டு சோணையின் கடமை தவறுதல் பற்றிய அறிக்கை. சஸ்பென்ஷன் நிச்சயம். ஆகஸ்டில் பென்ஷன் வருமா என்பது மேலிடத்தின் கருணை. கருத்தக்கண்ணனின் கையெழுத்தை மதுரை மாவட்டத்தில் யாராலும் படிக்க முடியாது. அவர் பேனாவை எடுத்தார். சோணை பேனாவை வாங்கிக்கொண்டார்.

"சொல்லுங்கய்யா, எழுதுறேன்."

"வேலைப்பளு காரணமாகப் பெட்டியைத் திறந்து பார்க்கத் தவறிவிட்டார். அப்படி எழுதுங்க. பென்ஷனுக்காவது ஆகும்."

சோணை எழுதவில்லை.

"அன்னைக்கு என்னய்யா வேலைப்பளு? மொத்தமே மூணு துப்பாக்கிதான் வந்துச்சு. வக்கீல் பதிவேட்டைப் புரட்டுனா தெரிஞ்சுரும். இதுல நான் பொய்யின்னா, எம்புட்டுச் சொன்னாலும் எல்லாமே பொய்யாயிரும். அந்தாளு வெளிய வந்துருவான். அந்தப் பையனை மறுபடி புடிச்சுட்டு வாங்கன்னு சொல்லுவாக."

"கோர்ட்டுல எல்லாரும் சிரிப்பாங்க. முப்பது வருஷ சர்வீஸ் ஏட்டு, துப்பாக்கிக்குப் பயந்தான்னு."

"பயந்தேன்ல?"

சோணை குனிந்து தன் அழகான எழுத்தில் எழுதினார்: 'பயம் காரணமாக.' முடித்துவிட்டுக் காகிதத்தை நீட்டினார். கருத்தக்கண்ணன் அன்றைக்கு முதல் தடவையாகத் தணிந்த குரலில் சொன்னார்.

"கையெழுத்தை அப்பறம் போட்டுக்கலாம். மொதல்ல உக்காருங்கண்ணே. மத்தியானமும் நீங்க சாப்பிடலை."