ஆறு மீட்டர் நடை

"நில்லுங்க... நில்லுங்க! நான் சொல்றதுக்கு முன்னாடி ஏன் நடக்கிறீங்க?"

மழையில் தொப்பலாக நனைந்து ஆஸ்பத்திரி வராந்தாவுக்குள் ஓடிவந்தவள் திடுக்கிட்டு நின்றாள். எதிரே கையில் ஸ்டாப்வாட்சோடு ஒரு இளம் டாக்டர். கண்ணாடிக்குப் பின்னால் அகன்ற கண்கள்... கோபப்படவே தெரியாத கண்கள்.

"நடக்கிறதுக்கும் டிக்கெட் வாங்கணுமா சார்?"

"பத்தரை மணிக்கு வர வேண்டியவங்க நீங்கதானே? இந்த மஞ்சள் கோட்டுலேர்ந்து அந்தக் கோடு வரைக்கும் ஆறு மீட்டர். நடந்துகிட்டே நூறுலேர்ந்து ஏழேழா குறைச்சுச் சொல்லணும்."

சரி, பார்த்துவிடலாம் என்று அவளுக்கும் குறும்பு வந்தது. நடந்தாள். "தொண்ணூத்திமூணு... எண்பத்தாறு... எழுபத்தெட்டு..."

"எழுபத்தொன்பது."

"நான் பஸ் டிரைவர் சார். கணக்கெல்லாம் கண்டக்டர் வேலை. வருஷாந்தரக் கண் பரிசோதனைக்கு வந்தேன், வழி தவறிடுச்சு."

அவன் முகம் சிவந்துபோனது. பிறகு வாய்விட்டுச் சிரித்தான். அடடா... சிரித்தால் இன்னும் அழகாயிருக்கிறானே!

அதற்குள் உண்மையான பத்தரை மணிக்காரர் வந்துவிட்டார். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். தொண்ணூற்று மூன்றோடு நின்றவர் கண்களில் நீர் முட்டியது. "நாற்பது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவ நான்..."

அவன் வாட்சைச் சட்டைப்பைக்குள் போட்டான். நாற்காலியை இழுத்து அவரை உட்காரவைத்து, தான் தரையில் குந்தினான்.

"டீச்சர், நான் உங்க கணக்கைத் திருத்த வரல. மனசு ஒரு வேலை செய்யும்போது கால் எவ்வளவு தயங்குதுன்னு பார்க்கிறேன். மறதி நோய் வெளியே தெரியறதுக்கு ரொம்ப முன்னாடியே நடையில அடையாளம் இருக்கலாம்னு நினைக்கிறோம். அதைச் சீக்கிரமே கண்டுபிடிச்சா, உங்களுக்குப் பின்னால வர்றவங்களுக்கு உதவும். நீங்க வைக்கிற ஒவ்வொரு அடியும் எங்களுக்குப் பாடம்."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "இன்னொரு தடவை நடக்கிறேன்."

பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு வந்த வேலையே மறந்துபோனது. இப்படியும் ஒருத்தனா...

மறுவாரம் அப்பாவை அழைத்து வந்தாள். எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வுபெற்றவர். கொஞ்ச நாளாக ஒன்று கேட்டால் ஒன்று சொல்கிறார், யாரோடும் பேசாமல் ஒதுங்கிவிடுகிறார் என்பது அவள் கவலை.

"எனக்கு ஒண்ணுமில்ல. இவளுக்குத்தான் டெஸ்ட் எடுக்கணும்" என்றார் அப்பா.

"எடுத்தாச்சு சார். உங்க பொண்ணு ஃபெயில்" என்றான் அவன். அப்பா அன்றுதான் பல மாதங்களுக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தார்.

ஞாபகம் பரவாயில்லை, காதுதான் மந்தம் என்று தெரிந்தது. "கவனிக்காம விட்டா மறதிக்கும் அது ஒரு காரணமா வரலாம். இப்பவே காது மெஷின் வெச்சுக்குவோம். ஆராய்ச்சிக்கு மாசாமாசம் வாங்க" என்றான். மாசாமாசம் வந்தார்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு கிண்டல், ஒரு பார்வை... அதற்கே அவள் மாதம் முழுக்க நாள் எண்ணினாள்.

ஐந்தாம் மாதம் அவன் இடத்தில் வேறொரு பெண் டாக்டர். "உங்க அப்பா ஃபைலை அவர் எனக்கு மாத்திட்டார்."

சுருக்கென்றது அவளுக்கு. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நாங்கள் என்ன, வெறும் ஃபைலா? போகட்டும், இனி அவன் முகத்திலேயே விழிக்கப் போவதில்லை!

இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை. பஸ் நிலையத்தில் சாரல். அவள் சீட்டில் ஏறி உட்கார்ந்தபோது ஜன்னலுக்குக் கீழே குடையில்லாமல் அவன் நின்றான்.

"கை கழுவிட்டுப் போனவருக்கு இங்க என்ன வேலை?"

"அளக்கிறவனுக்கு அந்த வீட்டுப் பொண்ணு மேல மனசு போயிட்டா அளவு நேர்மையா இருக்காது. உங்க அப்பா என்னை நம்பி வர்றார்... அதனாலதான் மாத்தினேன். உங்களுக்கு என்னைப் பிடிக்கலைன்னாலும் அவர் அங்க தொடர்ந்து வரணும்." மூச்சு வாங்கிக்கொண்டான். "எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. ஃபைலை மாத்தின அன்னைக்கே சொல்லியிருக்கணும்... பயந்துட்டேன்."

அவள் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. வேலைக்கும் உண்மை, மனசுக்கும் உண்மை... இவனையா தப்பாக நினைத்தேன்?

"அம்மா, வண்டி எடுப்பீங்களா மாட்டீங்களா?" பின் சீட்டிலிருந்து ஒரு குரல்.

"எடுக்கிறேங்க, ஒரு நிமிஷம்!" என்றவள், ஜன்னல் வழியே குனிந்தாள். குரல் அவளுக்கே கேட்காத அளவுக்குத் தாழ்ந்தது.

"எனக்கும்தான் பிடிச்சிருக்கு. சொல்ல எனக்கு மட்டும் பயமில்லையா என்ன?... நனையாம ஏறி உட்காருங்க. டூட்டி முடிஞ்சதும் அப்பாகிட்ட ரெண்டு பேருமா போய்ச் சொல்லுவோம்."