நெஸ்மாவின் கணினிக்கு ஒரு புதுக்கூடு

மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிய பிறகும் விசிறி நிற்கவில்லை.

ரவூஃப் மண்டியிட்டபடியே காத்திருந்தார். மின்சாரம் நின்றபின் ஓரிரு நொடி அது சுற்றத்தான் செய்யும். அலெக்ஸாண்ட்ரியாவில் முப்பது வருடம் தொலைபேசிப் பழுது பார்த்தவருக்கு அது தெரியாததல்ல. ஆனால் தெருவில் டிராம் வந்து நின்று, மழையில் நனைந்த ஆட்களை ஏற்றிக்கொண்டு, தண்டவாளம் கிறீச்சிடக் கிளம்பிப் போகும்வரை, அந்தத் துருப்பிடித்த கேபினெட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்துகொண்டே இருந்தது. நீளமாக ஒரு இழுப்பு. சின்ன இடைவெளி. மறுபடி ஒரு இழுப்பு. பிறகு மெல்ல ஓய்ந்தது.

மகள் நெஸ்மாவின் கணினி அது. அவள் கல்லூரியில் சேர்ந்த வருடம் அப்பாவும் மகளும் பகுதி பகுதியாக வாங்கிப் பூட்டியது. அவள் இறந்து எட்டு மாதம் ஆகிறது. நாற்பதாம் நாள் ஓதி முடித்து உறவினர்கள் கிளம்பிய மாலையில் மனைவி இன்ஷிராஹ் அதை இயக்கினாள். அன்றைக்குத்தான் விசிறியில் அந்தச் சத்தம் தொடங்கியது. அதன்பின் அவள் அதை அணைக்கவே விடவில்லை. பட்டாணி உரிப்பதும் துணி மடிப்பதும் மகளின் கட்டிலில் உட்கார்ந்துதான். கடலின் உப்புக்காற்று கேபினெட்டின் அடித்தகட்டைத் தின்று, போன வாரம் அவள் கையில் ஷாக் அடித்த பிறகுதான் புதுக்கூட்டுக்குச் சம்மதித்தாள்.

"கண்ணாடி வச்சது எடுத்துக்குங்க உஸ்தாத்," என்றிருந்தான் கடைக்காரன். "உள்ள லைட்டு எரியும், கல்யாண வீடு மாதிரி இருக்கும். யாருக்கு, பையனுக்கா?"

"பொண்ணுக்கு."

"அப்போ கண்டிப்பா இதுதான். சந்தோஷப்படும் பாருங்க."

இப்போது இன்ஷிராஹ் தலைத்துணியைச் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். "கூட்டை மட்டும் மாத்துங்க, நெஸ்மா அப்பா. அந்த ஃபேன் அப்படியே வரணும்."

"வரும்."

"சத்தியமா?"

"சத்தியமாடி."

"திறக்கறத என்னால பாக்க முடியாது. மாடியில தங்கச்சி வீட்டுல இருக்கேன்."

அவள் செருப்புச் சத்தம் படியேறி மறைந்த பிறகு அவர் பக்கத்தகட்டைக் கழற்றினார். துரு வாடைக்குப் பதிலாக உள்ளிருந்து வந்தது நெஞ்சில் தடவும் தைலத்தின் வாடை. கற்பூரமும் புதினாவும் கலந்தது. கொஞ்சம் வெதுவெதுப்பாக.

கிராஃபிக்ஸ் கார்டை எடுத்தார். ரேம் பட்டைகளை எடுத்தார். ஒவ்வொரு கம்பியையும் பிடுங்கும்போது, தூங்கும் குழந்தையின் கையை விலக்குவதுபோல விரல்கள் தயங்கின. மதர்போர்டின் ஒன்பது திருகாணிகளில் ஒன்றை மட்டும் நெஸ்மா கோணலாக முடுக்கியிருந்தாள். அன்றைக்கு அதற்காக அவளைக் கேலி செய்தது நினைவுக்கு வந்து, திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, அதைக் கையாலேயே திருகி எடுத்தார். கடைசியாக விசிறி. அதன் அச்சில் நீளமான கருங்கூந்தல் இழை ஒன்று சுற்றியிருந்தது. கத்தரிக்கோலால் வெட்டினார். யாரோ மூச்சைச் சட்டென்று உள்ளே இழுத்தார்கள்.

மழைதான் என்று சொல்லிக்கொண்டார்.

பழைய விசிறியைச் செய்தித்தாளில் சுற்றிச் சமையலறைக் குப்பையில், பட்டாணித் தோலுக்கு அடியில் புதைத்தார். கேபினெட்டோடு வந்த புது விசிறிகளைப் பூட்டினார். கண்ணாடியை வைத்து நான்கு திருகாணிகளையும் முடுக்கி, பொத்தானை அழுத்தினார். நீல விளக்கு எரிந்தது. திரையில் மகள் வைத்திருந்த படம் வந்தது. சத்தமே இல்லை. நாற்பதாம் நாளுக்குப் பிறகு முதல் முறையாக வீடு அமைதியாக இருந்தது.

அடுத்த அறையில் தன் கட்டிலில் போய்ச் சாய்ந்தார். கண் சொருகியது.

சுவருக்கு அந்தப் பக்கம் இழுப்புச் சத்தம் கேட்டது.

எழுந்து ஓடினார். மகளின் அறை அமைதியாக இருந்தது. விசிறிகள் ஓசையின்றிச் சுழன்றன. திரும்பிவந்து கட்டிலில் உட்கார்ந்தார். சுவருக்கு அந்தப் பக்கம், நீளமாக ஒரு இழுப்பு.

ஏப்ரல் மாதம் புழுதிக்காற்று அடித்த அந்த இரவிலும் இதே கட்டிலில்தான் படுத்திருந்தார். இதே சுவர். நெஸ்மாவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஈளை இழுப்பு உண்டு. ஆனால் அந்த வருடம் முழுக்க நன்றாகத்தான் இருந்தாள். காதை வைத்தே எந்தப் பழுதையும் கண்டுபிடித்துவிடுவார் என்று தொலைபேசி நிலையத்தில் அவருக்குப் பெயர். அரைத்தூக்கத்தில் சுவரைத் தட்டி, "நெஸ்மா, ஃபேன்ல தூசி அடைச்சிருக்கு பாரு. அணைச்சுட்டுத் தூங்கு. காலையில தொடச்சுத் தரேன்," என்றார். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. சொன்ன பேச்சைக் கேட்கிற பெண் என்று நினைத்துக்கொண்டு தூங்கிப்போனார்.

காலையில் கதவைத் திறந்தபோது கணினி ஓடிக்கொண்டிருந்தது. விசிறியில் தூசி இல்லை.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. இன்ஷிராஹிடம்கூட.

இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் இடைவெளி நீண்டது. இழுப்பு குறுகியது. அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியும்.

மறுபடி ஓடினார்.

நீல வெளிச்சத்தில் கேபினெட்டின் கண்ணாடி. அதன் உள்பக்கத்தில் ஆவி படிந்திருந்தது. உள்ளங்கை அளவு வட்டம். சுருங்கியது. விரிந்தது. சுருங்கியது. இந்த முறை விரிய நேரம் எடுத்தது.

"நெஸ்மா! பாபா வந்துட்டேம்மா! இரு, இரு!"

திருப்புளி எங்கே? கிடைக்கவில்லை. நகத்தால் திருகினார். ஒன்று கழன்றது. இரண்டு. விரலில் ரத்தம் வழுக்கியது.

வாசலில் இன்ஷிராஹ். "ஏன் சத்தத்தையே காணோம்? ஃபேனை என்ன பண்ணுனீங்க?"

"அது ஃபேன் இல்ல இன்ஷிராஹ்."

"என்ன சொல்றீங்க?"

"அன்னிக்கும் ஃபேன் இல்ல. நான் கேட்டேன். முழிச்சுத்தான் இருந்தேன். ஃபேனுன்னு நெனச்சு அணைக்கச் சொன்னேன்டி..."

 அவள் அவரைப் பார்க்கவில்லை. அவள் பார்வை கண்ணாடியில் நின்றது. மெதுவாக வந்து மண்டியிட்டு, கன்னத்தைக் கண்ணாடியில் வைத்தாள். வெளிப்பக்கத்தில் அவள் மூச்சு படிந்தது. உள்பக்கத்து வட்டம் அதை நோக்கி நகர்ந்தது.

"என் கண்ணு," என்றாள். "அம்மா இருக்கேன். மெதுவா விடு. மெதுவா."

மூன்றாவது திருகாணி கழன்றது. நான்காவது கோணலாக இறுகிக் கிடந்தது. வட்டம் நாணய அளவுக்குச் சுருங்கியது. ஒருமுறை துடித்தது. அசையாமல் நின்றது.

நான்காவதும் கழன்று, கண்ணாடி அவர் கையோடு வந்தது. உள்ளே மதர்போர்டு, கம்பிகள், ஓசையின்றிச் சுழலும் விசிறிகள். வேறு எதுவும் இல்லை. இன்ஷிராஹ் படிய விட்ட ஆவி உலர்ந்துபோயிற்று. அவர் கட்டைவிரலுக்கு அடியில் இருந்த அந்தச் சிறு வட்டம் மட்டும் உலரவில்லை. துடைத்தாலும் போகவில்லை. அது இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. பிடித்திருக்கப் பிடித்திருக்க, விரல்நுனியில், மெல்ல மெல்லச் சில்லிட்டுக்கொண்டிருந்தது.