பிரிக்காத பெட்டிகள்

பின்னறையில் பெட்டிகள் அதிர்ந்தன.

கெவின் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். அப்புத்தளையில் அவன் வீடு ரயில் பாதைக்கு மேலே, மேட்டில் இருந்தது. மாலைக் கோச்சி வளைவில் திரும்பும்போது அலமாரிக் கண்ணாடியும் அடுக்களைப் பீங்கானும் பின்னறைப் பெட்டிகளும் ஒன்றாக நடுங்கி, பிறகு பனிக்குள் போகும் சத்தத்தோடு ஒவ்வொன்றாக அடங்கும். ஆனால் மழையில் மலை சரிந்து தண்டவாளத்தை மூடியதிலிருந்து கோச்சி வருவதில்லை.

கண்ணாடி அசையவில்லை. கோப்பையில் தேநீர் அசையவில்லை. பெட்டிகள் மட்டும்.

காலையில் மாமியார் றோசாலி பெரகலயிலிருந்து வந்திருந்தார். பின்னறை வாசலில் நின்று பார்த்தார். உள்ளே போகவில்லை.

“இன்னமும் வாங்குறீங்களா தம்பி?”

“ஆமாங்க அத்தே.”

“எம்புள்ள சொல்லும், எங்க வீட்டுல பெரிய ஸ்டேசனே இருக்கும்மா, ஓடுறதுக்குத்தான் ஒரு கோச்சி இல்லன்னு.” சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. “நீங்க கடைக்குப் போன நேரம் பாத்தா அதுக்கு மூச்சு நின்னுபோகணும்? மனச விட்டுறாதீங்க.”

அவன் தலையை ஆட்டினான். கடைக்குப் போயிருந்ததாகத்தான் எல்லோரிடமும் சொல்லியிருந்தான்.

பின்னறையில் தரையிலிருந்து கூரை வரை மாடல் ரயில் கிட்டுகள். இஞ்சின், பாலம், ஸ்டேஷன். எல்லாம் வெட்டி ஒட்டிச் செய்யவேண்டிய துண்டுகளாக, மூடிய பெட்டிகளில். அவன் ஒன்றையும் செய்ததில்லை. பிரித்தால் மதிப்புப் போய்விடும். பனி பட்டால் அட்டை ஊதிவிடும். அதனால் சன்னலைப் பொலித்தீன் போட்டு அடைத்திருந்தான். கோச்சி அதிர்வில் கதவு திறந்துகொள்ளாமலிருக்க வெளிப்பக்கம் ஒரு கொண்டி வைத்தான். கதவு சாத்தினால் அது தானே விழும்.

“எனக்கு வீசிங் வந்தா மூச்சு விட ஒரு சன்னல் இல்ல,” என்பாள் மனைவி நிலக்ஷனா. “ஒங்க பெட்டிக்குத்தான் சளி புடிக்கக் கூடாது.”

மலை சரிவதற்கு முன் ஒரு நாள் மாலை, மடித்த துணிகளை வைக்க அவள் பின்னறைக்குப் போனாள். கோச்சி வந்தது. கதவு சாத்திக்கொண்டது. முன்னறையில் கெவின் புதுப் பார்சலின் டேப்பை பிளேடால் கீறிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஃபோன். கொழும்பிலிருந்து கிட்டுகள் அனுப்பும் மபாஸ் பேசிக்கொண்டிருந்தான்.

“என்னடா அது, தட்டுற சத்தம்?”

“ஒண்ணுமில்ல. கோச்சிதான் போகுது.”

கோச்சி போய்விட்டது. தட்டுவது நிற்கவில்லை. கெவினுக்குக் கேட்டது. கோபத்தில் எதையோ நகர்த்துகிறாள் என்று நினைத்துக்கொண்டான். வேண்டுமானால் கூப்பிடட்டும். பெட்டியை முழுதாக வெளியே எடுத்துவிட்டுப் போகலாம்.

அவளால் கூப்பிட முடியவில்லை.

மபாஸ் அதன்பிறகு அழைப்பதில்லை. கெவின் வேறு ஆட்களிடம் வாங்கினான். இடைவெளியில்லாமல் அடுக்கினான். நெருக்கி அடுக்கினால் எதுவும் ஆடாது. எதுவும் சத்தம் போடாது.

இப்போது மறுபடியும். அதிர்வு இல்லை இது. தட்டுவது.

எழுந்து போனான். கொண்டியைத் தூக்கினான். ஈர அட்டையின் பூஞ்சண வாடை, அதற்குள் அவள் நெஞ்சில் தேய்க்கும் தைலத்தின் காரம், அதற்கும் அடியில் பசை வாடை. அவன் பசை வாங்கியதே இல்லை. உள்ளே போனான். தட்டுவது நின்றது.

மேலே இருந்த பெட்டியை எடுத்து ஆட்டிப் பார்த்தான். துண்டுகள் சலசலக்க வேண்டும். சலசலக்கவில்லை. ஒரே கனமாக இருந்தது. அடுத்தது. அதுவும். அடுத்ததும். டேப் ஒன்றும் பிரியவில்லை. உள்ளே எல்லாம் ஒட்டி முடிந்திருந்தது.

கடைசிப் பெட்டி, அவள் தட்டிய அன்று வந்தது. மூடியில் செலோஃபன் சன்னல். அதன் உட்பக்கம் மூச்சுப் பட்டதுபோல் மங்கியிருந்தது. மங்கலில் விரல் கோடுகள். மேலிருந்து கீழே வழுக்கிய ஐந்து சின்னக் கோடுகள்.

முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தியது. கொண்டி விழுந்தது.

தள்ளினான். அசையவில்லை. தட்டினான். சன்னலுக்குப் போக வழியில்லை. அவனே அடுக்கிய பெட்டிகள். நெஞ்சு இறுகியது. மூச்சு பாதியில் நின்றது. கூப்பிட வாயைத் திறந்தான். காற்று மட்டும். மறுபடி தட்டினான். இரண்டு கைகளாலும்.

முன்னறையில் யாரோ இருந்தார்கள்.

பிளேடு டேப்பைக் கீறும் சத்தம். மெதுவாக. கவனமாக. அவசரமே இல்லாமல்.

“என்னடா அது, தட்டுற சத்தம்?”

பிளேடு நின்றது. கெவின் கதவில் காதை வைத்தான்.

“ஒண்ணுமில்ல,” என்றது அவனுடைய குரல். “கோச்சிதான் போகுது.”