மாவுச் சாக்கில் வந்த எலும்பு

லுவ்சானின் மனைவி யஞ்ஜிமா குதிரையை விட்டு இறங்கியபோது, ஓய்வுபெற்ற காவலர் நவான் தன் கூடாரத்தில் உப்புத் தேநீரில் வெண்ணெயைக் கரைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து மேய்ப்பன் கோம்போ வெளியே மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். நவானோடு திருடனைத் தேடி அலைவதில் உள்ள ஆசை இந்த மனுஷனுக்குச் சொந்த மாடுகளைத் தேடுவதில் இல்லை என்று அவன் மனைவி திட்டுவாள். அது பொய்யில்லை.

“ஐயா, என் வீட்டுக்காரரைக் குதிரைத் திருடன்னு சொல்லிட்டான் தோக்மித்.”

“உட்காரும்மா. முதல்ல குடி.”

குடித்துக்கொண்டே சொன்னாள். மகளின் பிரசவத்துக்காக அவளும் லுவ்சானும் ஊர்ப்பக்கம் போயிருந்தார்கள். அந்த நாட்களில் பக்கத்துக் கூடாரத்துத் தோக்மித்தின் செம்பழுப்புப் பெட்டைக்குதிரை காணாமல் போயிற்று. தேடியலைந்தவன் கண்ணில் லுவ்சானின் கொட்டகைக்குப் பின்னால் ஒரு சாக்கு பட்டது. அது நிறையக் குதிரை எலும்பு. அதுவும் புதுசு.

“பெரும்பனி விழறதுக்குள்ள பள்ளத்தாக்கை விட்டுப் போயிடணுமாம். இல்லேன்னா போலீஸுக்குப் போவானாம். இந்தக் குளிர்ல மந்தையை ஓட்டிக்கிட்டு எங்க போவோம் ஐயா?”

“லுவ்சானுக்கு எலும்பு எதுக்கு?”

“சதுரங்கப் பலகை செய்யறாரு. ஆனா பச்சை எலும்பைத் தொடவே மாட்டாரு. வெளியில கிடந்து வெயிலும் பனியும் தின்ன எலும்பாப் பொறுக்கிட்டு வந்து, சாம்பல் தண்ணியில ஊறவெச்சு, நிழல்ல காயப்போடுவாரு. புதுசுல கொழுப்பு நிக்குமாம், பலகை மஞ்சளாப் போயிடுமாம்.”

“தோக்மித்கிட்ட இதைச் சொன்னீங்களா?” என்றான் கோம்போ.

“சொன்னேன். எலும்பு அறுக்கறவன் பொண்டாட்டி வேற என்னத்தைச் சொல்லுவான்னு கேட்டான்.”

கோம்போ அதற்குள் மோட்டார் சைக்கிளை உதைத்துவிட்டான்.

கொட்டகைக்குப் பின்னால் எலும்புகள் பனியில் கொட்டிக் கிடந்தன. தோக்மித் அவற்றின் பக்கத்தில் காவல் நின்றான். லுவ்சான் வாசலில் உட்கார்ந்திருந்தான், வாயைத் திறக்கவில்லை. பேசாத மனுஷன்மேல் பழி சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும்.

“இந்தத் தோக்மித்தேதான் கொண்டாந்து போட்டிருப்பான் ஐயா,” என்று கோம்போ கிசுகிசுத்தான். “லுவ்சானோட கொட்டகை மேல இவனுக்குக் கண்ணு.”

“அவன் மூஞ்சியப் பாருடா. குதிரைக்காக அழுதிருக்கான்.”

நவான் மண்டியிட்டு எலும்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். நன்றாக வேகவைத்துச் சுரண்டியிருந்தது. ஒரு நார்கூட ஒட்டியிருக்கவில்லை. தோள்பட்டை எலும்பு இரண்டிலும் நட்டநடுவே கத்தியால் குத்திய பொத்தல். பிறகு காலிச் சாக்கை உள்வெளியாகத் திருப்பினார். தையலோரத்தில் வெள்ளையாக என்னவோ கெட்டித்துப் போயிருந்தது. நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“மாவு. யாரு வீட்டுச் சாக்கு இது?”

யஞ்ஜிமாவின் முகம் வெளுத்தது. “எங்களுதுதான் ஐயா.”

“பார்த்தீங்களா!” என்று தோக்மித் கத்தினான்.

“கொஞ்சம் பொறு. கடைசியா இந்தச் சாக்கை எப்பம்மா பார்த்தே?”

“வசந்தத்துல. சம்பூ அண்ணன் வீட்டு ஆடெல்லாம் செத்துப் போச்சு. பிள்ளைங்க பட்டினி. இது நிறைய மாவு கொடுத்தனுப்பினோம்.”

நவான் தோக்மித் பக்கம் திரும்பினார். “உன் குதிரை இங்க பிறந்ததா?”

“இல்ல. கோடையில வாங்கினது. மேற்கே, ஆத்துக்கு அந்தப் பக்கம், உப்பு ஏரிக்கரைக்காரங்ககிட்ட.”

“சரி. உள்ள வாங்க எல்லாரும். கால் மரத்துப் போச்சு.”

கூடாரத்துக்குள் யஞ்ஜிமா தேநீர் ஊற்றினாள். தோக்மித்துக்கு மட்டும் ஊற்றவில்லை. வந்தவனுக்குத் தேநீர் ஊற்றாத வீட்டைக் கோம்போ அதுவரை பார்த்ததில்லை. நவான் அதைக் கவனிக்காதவர் போல லுவ்சானிடம் கேட்டார்:

“உனக்கு ரொம்ப வேண்டிய எலும்பு எது?”

“தோள்பட்டை,” என்றான் லுவ்சான். அன்றைக்கு அவன் பேசிய முதல் வார்த்தை அது. “அகலமா, தட்டையா இருக்கும். பலகையோட வெள்ளைக் கட்டமெல்லாம் அதுலதான் அறுப்பேன்.”

“அதுல பொத்தல் போடுவியா?”

“எனக்கென்ன பைத்தியமா?”

“தோக்மித், உன் வீட்டுல தோள்பட்டைக் கறி தின்னா எலும்பை என்ன பண்ணுவே?”

“குத்தித்தான் எறிவேன். முழுசா எறிஞ்சா வீட்டுக்கு ஆகாதே.” சொல்லிவிட்டு அவனே நிறுத்திக்கொண்டான்.

“அதைத்தான் சொல்றேன். இது ஒரு வீட்டுல எல்லாருமா உட்கார்ந்து தின்ன கறி. தின்னு முடிச்ச கை பழக்கத்துல குத்திடுச்சு. திருடி அறுக்கற எலும்புக்காரன் கை குத்தாது. சரி, பழி போடணும்னு எவனாவது கொண்டாந்து போட்டானா? பழி போடறவன் எலும்பை இவ்வளவு பாடுபட்டுச் சுரண்ட மாட்டான். ரத்தத்தோட வீசிட்டுப் போவான்.”

“அப்ப யாருதான் ஐயா?” கோம்போவால் பொறுக்க முடியவில்லை.

“நீ ஒரு வீட்டுல சாக்கு நிறைய மாவு வாங்கினா, சாக்கை வெறுமனே திருப்பிக் கொடுப்பியா?”

“கொடுக்கக் கூடாதே. ஏதாவது போட்டுத்தான் கொடுப்பேன்,” என்றான் கோம்போ.

“சம்பூகிட்ட ஒரு கிழட்டுக் குதிரை மிச்சம். குளிர்காலக் கறிக்கு அதை அடிச்சிருப்பான். கொடுக்கறதுக்கு வேற ஒண்ணும் இல்ல. லுவ்சான் எலும்பு தேடறான்னு தெரியும். எப்படிப்பட்ட எலும்புன்னு தெரியாது. வந்தான், வீட்டுல ஆளில்ல, வெச்சுட்டுக் கூலிக்கு மேய்க்கப் போயிட்டான்.”

“இதெல்லாம் நீங்க சொல்றது,” என்றான் தோக்மித். “என் குதிரை எங்க?”

“உறைஞ்ச ஆத்தைத் தாண்டிப் பொறந்த மண்ணுக்குப் போயிருக்கும். தண்ணி ஓடினவரைக்கும் வழியில்லாம இங்க நின்னுது. கோம்போ, சிக்னல் கிடைக்கற குன்று மேல ஏறி அந்த ஏரிக்கரைக்காரங்களுக்கு ஃபோன் போடு. அப்படியே சம்பூவைக் கூட்டிட்டு வா. எதுக்குன்னு மட்டும் வாயைத் திறக்காதே.”

பொழுது சாய்வதற்குள் கோம்போ திரும்பினான். காதெல்லாம் சிவந்திருந்தது. “அங்கதான் இருக்கு! பழைய மந்தையோட சேர்ந்து நிக்குதாம். உங்க சூட்டுக்குறியைச் சரியாச் சொன்னாங்க.”

தோக்மித் தலையைக் குனிந்துகொண்டான். நவான் குரலைத் தாழ்த்தினார். “வெளிய சம்பூ வண்டிய விட்டு இறங்கறான். அவன் கொடுத்ததால இவங்க வீட்டையே இழக்கப் பார்த்தாங்கன்னு தெரிஞ்சா, அந்த ஆளு செத்துடுவான். புரியுதா?”

சம்பூ உள்ளே வந்தான். ஒட்டிய கன்னம், கிழிந்த தொப்பி. லுவ்சானைப் பார்த்ததும் சிரித்தான்.

“வந்துட்டியா? சாக்கைப் பார்த்தியா? எம்பொண்டாட்டி உட்கார்ந்து உட்கார்ந்து சுரண்டினா. எங்க பிள்ளைங்க உயிரோட இருக்கறது உங்க மாவுலதான். அதுக்கு இதெல்லாம் ஈடா? ஏதோ எங்களால ஆனது. எலும்பு சரியா இருக்கா?”

யஞ்ஜிமா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“நான்தான் அண்ணே முதல்ல பார்த்தேன்,” என்றான் தோக்மித். குரல் கொஞ்சம் கரகரத்தது. “அவ்வளவு சுத்தமான எலும்பை இந்தப் பள்ளத்தாக்குல எவனும் பார்த்திருக்க மாட்டான். அதான் எல்லாரையும் கூட்டிட்டு வந்து காட்டினேன்.”

சம்பூவின் முகம் மலர்ந்தது.

யஞ்ஜிமா எழுந்து இரண்டு கிண்ணங்களில் தேநீர் ஊற்றினாள். ஒன்றைச் சம்பூவிடம் கொடுத்தாள். இன்னொன்றை இரண்டு கையாலும் ஏந்தித் தோக்மித்திடம் நீட்டினாள்.