வாய்க்கால் மேட்டு மண்

அந்தத் தெருவில் செம்மண்தான் இருக்க வேண்டும். டவுன்ஷிப்பில் எந்த பிளாக்கில் தோண்டினாலும் செம்மண்தான். மழை பெய்தால் சாலையோரமெல்லாம் சிவப்பாக ஓடும், தென்னந்துடைப்பத்தின் நுனிகூட வாரக்கடைசியில் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். ஆனால் செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்குத் தனகோட்டி கூட்ட ஆரம்பித்த முதல் வீட்டின் வாசற்படியில் ஒரு பிடி கறுப்பு மண் இருந்தது. ஈரமான களிமண். யாரோ கையில் அள்ளிவந்து, உதறாமல், பத்திரமாக இறக்கி வைத்ததுபோல் இருந்தது.

கூட்டி முறத்தில் அள்ளி வண்டியில் போட்டாள். அடுத்த வீட்டு வாசலிலும் ஒரு பிடி. அதற்கடுத்த வீட்டிலும்.

இருபத்திரண்டு வீடுகள் கொண்ட தெரு அது. இரண்டு வருஷத்துக்கு முன்பே எல்லாரையும் காலி செய்யச் சொல்லி, கரண்டைப் பிடுங்கி, இடிக்கப் போகும் வீடு என்பதற்கு அடையாளமாகக் கதவுகளில் சிவப்பு பெயின்ட்டால் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். பழுத்துக் கவனிப்பாரற்று விழுந்த பலாவின் புளித்த வாடையும், வவ்வால் எச்சத்தின் நெடியும், தூரத்தில் அனல்மின் நிலையம் ஓயாமல் இரையும் ஓசையும் தவிர அங்கே எதுவும் கிடையாது. ஆபீசர்கள் பார்வையிட வருகிறார்கள் என்று அந்த வாரம் மட்டும் அவளை அங்கே போட்டிருந்தார்கள்.

தனகோட்டிக்கு ஐம்பத்தொரு வயது. காண்ட்ராக்ட்டில் கூட்டும் வேலை. அந்த மண்ணைப் பார்த்து அவள் ஆச்சரியப்படவில்லை. ஒன்பது வருஷமாக அவள் எதற்கும் ஆச்சரியப்பட்டதில்லை. புருஷன் சிங்காரவேல் மஞ்சள் காமாலையில் போன அன்றைக்கு ஊரே அழுதது, அவளுக்கு அழுகை வரவில்லை. அப்புறம் வரும் என்றார்கள். வரவே இல்லை. சோறு சோறாக இருந்தது, வெயில் வெயிலாக இருந்தது, அவ்வளவுதான்.

எட்டரை மணிக்கு சூப்பர்வைசர் மதிவாணன் பைக்கில் வந்தான். வண்டியை நிறுத்தினான், இன்ஜினை நிறுத்தவில்லை.

"யக்கா, என்னா இது, வண்டி பூரா மண்ணா இருக்குது?"

"வாசல்ல கெடந்துச்சு தம்பி."

"எந்த வாசல்ல?"

"எல்லா வாசல்லயும்."

அவன் தெருக்கோடி வரை ஒருமுறை பார்த்தான். "பன்னி எதுனா கெளறியிருக்கும்."

"இது வயக்காட்டு மண்ணு தம்பி. இங்க ஏது?"

"லாரிக்காரன் எவனாச்சும் கொட்டிட்டுப் போயிருப்பான். நீங்க அள்ளிப் போடுங்க." காலைக் கீழே ஊன்றாமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

குப்பைத்தொட்டியில் அந்த மண்ணைக் கவிழ்த்தபோதுதான் வாசனை எழுந்தது. தண்ணீர் வற்றிய வாய்க்காலில் கோரைப்புல் வேர் அழுகும் வாசனை, அதனடியில் லேசாகச் சாமந்தி. அவளுடைய மூக்குக்குத் தெரிவதற்கு முன் கைக்குத் தெரிந்துவிட்டது. விரல்கள் தாமாக மடங்கிக்கொண்டன. புதுவேலங்குடி வாய்க்கால் மேடு. ஊரில் செத்தவர்களைப் புதைக்கிற இடம்.

புதுவேலங்குடி இப்போது இல்லை. வளையமாதேவிக்குத் தெற்கே இருந்த சின்ன ஊர். நிலம் நிலக்கரி மைன்ஸுக்குப் போய்விட்டது, வீடுகள் போய்விட்டன, கடைசியாக வாய்க்கால் மேடும் போனது. போவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்துக் கொடுத்திருந்தார்கள். அவரவர் சொந்தத்தின் குழிமேட்டிலிருந்து மூன்று பிடி மண் எடுத்துப் புதுச்சட்டியில் போட்டு, புது இடத்தில் குழிதோண்டி வைத்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். ஊர்ச்சனம் அத்தனையும் வேன் வைத்துப் போனது. தனகோட்டியும் புதுச்சட்டி வாங்கியிருந்தாள். அன்றைக்குக் காலையில் எழுந்து, பாயில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். உடம்புக்கு ஒன்றுமில்லை. போகக்கூடாது என்றும் இல்லை. எழுந்திருக்கத் தோன்றவில்லை. வெயில் சாய்ந்த பிறகு, வெளியூர் போயிருந்த மகள் சத்யப்பிரியா போன் செய்து கேட்டபோது, "போயிட்டு வந்துட்டன்" என்றாள்.

புதன்கிழமை ஒவ்வொரு வாசலிலும் இரண்டு பிடி இருந்தது.

அன்று சாயங்காலம் மந்தாரக்குப்பத்து வீட்டில் மகள் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மெயின் பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை; குறிஞ்சிப்பாடி மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துப் பிடித்துப் போய், அடுத்த மாதம் நிச்சயம் வைத்திருந்தார்கள்.

"அம்மா, நகக்கண்ணுல என்னம்மா இவ்ளோ கறுப்பு?"

"மண்ணு."

"கையக் கழுவினியா?"

"கழுவினன். போவல."

மகள் மாவை மூடி வைத்துவிட்டு அருகில் வந்து உட்கார்ந்தாள். "ஞாயித்துக்கெழம அப்பாவ வச்ச எடத்துக்குப் போலாமாம்மா? புது எடத்த நான் இன்னும் பாக்கவே இல்ல. நிச்சயத்துக்கு முன்னாடி அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வரணும்."

"போவலாம்" என்றாள் தனகோட்டி. அப்படிச் சொல்லும்போது நெஞ்சில் ஏதாவது குத்துகிறதா என்று பார்த்தாள். குத்தவில்லை.

வியாழக்கிழமை மூன்று பிடி இருந்தது. கதவுகளும் திறந்திருந்தன.

இருபத்திரண்டு கதவும். ஒரு ஆள் உள்ளே நுழையும் அளவுக்கு. மரங்களில் அணில்கூடக் கத்தவில்லை. முதல் வீட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. சிமென்ட் தரையில் மண் உதிரும் சத்தம். பொல பொல. நிற்கும். மறுபடி பொல பொல. துடைப்பத்தை வண்டியில் சாய்த்து வைத்துவிட்டு, ஏன் போகிறோம் என்று கேட்டுக்கொள்ளாமல் தனகோட்டி படியேறினாள்.

வாசலைத் தாண்டியதும் அனல்மின் நிலையத்தின் இரைச்சல் நின்றுவிட்டது. வந்த நாளிலிருந்து காதில் இருந்துகொண்டே இருந்த இரைச்சல், காதுக்குள் தண்ணீர் புகுந்ததுபோல அறுந்தது. வெளியே காலை வெயில். உள்ளே விடிவதற்கு முந்தைய சாம்பல் வெளிச்சம், எந்த ஜன்னலிலிருந்தும் வராமல், எங்கும் ஒரே மாதிரி. கீழே பார்த்தாள். அவளுக்கு நிழல் இல்லை.

ஹாலில் ஒரு பெண் சுவரைப் பார்த்துச் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய தோளிலிருந்து மண் உதிர்ந்தது.

"யாரு, சிங்காரவேலு பொண்டாட்டியா?" என்றாள் திரும்பாமல்.

குரல் தெரிந்தது. மேலத்தெரு ராஜாம்பாள். செத்து பதினோரு வருஷம்.

"நீங்க ஏன்க்கா இங்க?"

"வேற எங்க போவறது? படுத்திருந்த எடத்தத் தோண்டிட்டாங்க. எடுத்துகினு போவ ஆளு வரல. இங்கதான் ஆளில்லாத வூடா கெடக்குது, வந்து குந்திகினு இருக்கோம்." ஒரு பிடி மண் உதிர்ந்தது. "மேல போவணும்னா கீழ ஒரு எடம் வேணும்டி. கால ஊனித்தான ஏற முடியும். இங்க விடியறதும் இல்ல, பொழுது போவறதும் இல்ல."

தனகோட்டி உதிர்ந்த மண்ணைப் பார்த்தாள்.

"திருப்பூர்ல எம்மவனுங்க நல்லாருக்கானுங்களா?"

"நல்லாருக்காங்க." அவளுக்குத் தெரியாது.

"ஒன் வூட்டுக்காரரு கடைசி வூட்டுல இருக்காரு. மொதல்ல வாசலப் பாத்துகினே இருப்பாரு. இப்பல்லாம் பாக்கறதில்ல."

தெருவில் நடந்தபோது ஒவ்வொரு கதவிடுக்கிலும் ஒரு முதுகு தெரிந்தது. அதே ஊர்ப் பழனிசாமியின் கூன் முதுகு. பிரசவத்தில் போன ஒருத்தியின் ஈர முடி. தெரியாத முதுகுகள். எல்லாம் சுவரைப் பார்த்தபடி. யாரும் அழவில்லை. யாரும் முனகவில்லை. அவள் வீட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமை எப்படி உட்கார்ந்திருந்தாளோ, அப்படி உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசி வீடு. ஹால். அவர்.

"மாமா" என்றாள்.

சிங்காரவேல் திரும்பினார். அழுகல் இல்லை, காயம் இல்லை. ஆனால் மழையில் நனைந்த போட்டோபோல முகம் கரைந்துகொண்டிருந்தது. மூக்கு எங்கே முடிகிறது, கன்னம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

"யாரு?"

"தனகோட்டி."

"எந்தத் தனகோட்டி?"

அவள் இன்னும் ஒரு எட்டு அருகில் போனாள். "சத்யாவோட அம்மா."

"சத்யா... படிக்குதா?"

"படிச்சி முடிச்சிருச்சி. கல்யாணம் வச்சிருக்கோம் மாமா."

அவர் தலையாட்டினார். பிறகு தன் மடியிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து நீட்டினார். தனகோட்டி மண்டியிட்டு முந்தானையை விரித்தாள். ஒரு பிடி. இரண்டு பிடி. மூன்றாவது பிடி விழுந்தபோது கை இல்லை. அவர் இல்லை. சுவரோரம் ஈரமான வட்டம் மட்டும் இருந்தது.

அப்போது வந்தது. ஒன்பது வருஷம் வராதது வயிற்றிலிருந்து சூடாகக் கிளம்பி நெஞ்சுக்கு ஏறியது. மண்ணை மார்போடு அணைத்துக்கொண்டாள். கண் கலங்கியது. ஞாயிற்றுக்கிழமை மகளோடு போய் இதை நல்ல இடமாகப் பார்த்து வைக்கலாம். வைத்துவிடலாம். எழுந்தாள்.

வாசலை அடைத்துக்கொண்டு அவர்கள் நின்றார்கள்.

தெரு முழுக்க. ஒவ்வொரு கையிலும் ஒரு பிடி.

"எனுக்கும்" என்றார் பழனிசாமி.

"எனக்கு யாருமில்ல ஆயி" என்றது ஒரு குரல்.

"நா எப்பிடிங்க... இது ஒருத்தருக்குத்தான்..."

கேட்கவில்லை. வந்தார்கள். தள்ளவில்லை, பிடிக்கவில்லை, வரிசையாக வந்து வைத்தார்கள். மூன்று பிடி. போனார்கள். அடுத்தவர். மூன்று பிடி. முந்தானை கிழிந்தது, பாரத்தில் அவள் உட்கார்ந்துவிட்டாள். தரையில் வைத்தார்கள். மடியில். தொடைமேல். இடுப்பு வரை. சில்லென்று இருந்தது. நெஞ்சில் ஏறிய சூடு இறங்கியது. கண்ணில் வந்தது விழாமல் காய்ந்தது. மார்பு வரை. கை அசையவில்லை. கத்த நினைத்தாள். எதற்கு என்று தோன்றியது. கழுத்து வரை.

கடைசியாக ராஜாம்பாள். குனிந்து கன்னத்தைத் தடவினாள்.

"நல்லாருப்படி" என்றாள். இரண்டு பிடியைக் கழுத்தருகில் அணைத்து வைத்தாள். மூன்றாவதை வாயில் வைத்தாள். தாடையை மெல்ல மூடிவிட்டாள்.

பிறகு யாருமில்லை.

அனல்மின் நிலையத்தின் இரண்டு மணிச் சங்கு அவளுக்குக் கேட்கவில்லை. வெளிச்சம் மாறவில்லை. பசிக்கவில்லை. வலிக்கவில்லை. நேரம் போனதா என்று தெரியவில்லை.

"வண்டி இங்கதான் நிக்குதும்மா" என்று தெருவில் மதிவாணனின் குரல். "காலைலேருந்து இப்பிடியே நிக்குது. நான் அந்தப் பக்கம் பாக்கறன்."

"அம்மா!"

சத்யப்பிரியாவின் செருப்புச் சத்தம். ஒவ்வொரு வீடாக. ஏறியது. இறங்கியது. ஏறியது. கடைசி வீட்டு வாசலில் அவள் நின்றாள். நெற்றியில் வியர்வை. கையில் போன். ஹால் நடுவில் அம்மாவைக் கழுத்து வரை மூடியிருந்த ஈரக் கறுப்பு மண்குவியலை அவள் பார்த்தாள்.

போ, என்று சொல்லத் தனகோட்டி வாயைத் திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை. போடி. வாய் நிறைய மண்.

மண்ணுக்குள் ஏதோ நகர்ந்தது. அவளுடைய கைதான். அவள் நகர்த்தவில்லை. குவியலைப் பிளந்துகொண்டு வெளியே வந்து, ஒரு பிடி மண்ணோடு, மகளை நோக்கி நீண்டது. இருபத்திரண்டு வீட்டு மண் அவள்மேல் இருந்தது. மூன்று பிடியோடு நிற்காது.

சத்யப்பிரியா கத்தவில்லை. போனைத் தரையில் வைத்தாள். தோளிலிருந்த துப்பட்டாவை எடுத்தாள். வாசலைத் தாண்டி வந்து, குவியலின் முன் மண்டியிட்டு, அதை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை.

முதல் பிடி விழுந்தது.