பின் இடது சக்கரம்

மாக்னே மறுபடியும் குனிந்தான். பதினோரு வாரமாகத் தினமும் செய்கிற வேலைதான். வீட்டு வாசலில் முழங்கால் அளவு பனி, கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துப்போகிற குளிர். ஆனாலும் பின் இடது டயரின் பள்ளத்தில் அளவுகோலின் ஊசியை இறக்கிப் பார்க்காமல் அவனால் வண்டியில் ஏற முடியாது. எட்டு மில்லிமீட்டர். நேற்றும் எட்டு. டிசம்பர் தொடக்கத்தில் அவனே மாட்டிய புத்தம்புது டயர், ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முடிகள்கூட இன்னும் உதிரவில்லை. உள்ளே திரையில் மட்டும் மஞ்சள் எழுத்து எரிந்துகொண்டிருந்தது. 'பின் இடது டயர் தேய்ந்துவிட்டது. மாற்றவும்.'

இந்த மின்சார வண்டிகளுக்கு டயரைப் பார்க்கக் கண் கிடையாது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். தேய்ந்த டயர் கொஞ்சம் சிறுத்துப்போவதால் அதே தூரத்துக்குக் கூடுதலாகச் சுற்றும். அதை வைத்து வண்டி கணக்குப் போட்டுக் கத்தும். டயர் கடையில் பதினாறு வருடம் வேலை பார்த்த மாக்னேவுக்கு இது தெரியாததா? கடைக் கம்ப்யூட்டரில் வண்டியைச் சொருகிப் பார்த்தான். மற்ற மூன்று சக்கரங்களும் ஒரே எண்ணிக்கை. பின் இடதும் ஓடும்போது அதே அளவுதான் சுற்றியிருந்தது. ஆனால் அது வண்டி நிற்கும்போதும் சுற்றியிருந்தது. கூட வேலை பார்க்கும் ஃப்ரூடே விழுந்து விழுந்து சிரித்தான்.

"மூணு சக்கரம் ஒழுங்கா வீட்டுல தூங்குது. நாலாவது மட்டும் ஊர் சுத்தப் போகுது. காலாகாலத்துல அதுக்கு ஒரு கல்யாணம் பண்ணி வைடா!"

மாக்னேவும் சிரித்து வைத்தான். அன்று முழுக்க அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஏன் இறங்கவில்லை என்று அவனுக்குத் தெரியும். நவம்பரில் முதல் பனி விழுந்த அன்று நார்வேயில் எந்த டயர் கடையிலும் நிற்க இடம் இருக்காது. கோடை டயரைக் கழற்றிக் குளிர்கால டயர் மாட்ட ஊரே வரிசையில் வந்து நிற்கும். டயர் மாற்றியதும் பாதி வண்டிகள் பழைய கணக்கை வைத்துக்கொண்டு 'தேய்ந்துவிட்டது' என்று பொய்யாகக் கத்தும். திரையில் 'டயர்கள் மாற்றப்பட்டன' என்பதைத் தொட்டால் வாயை மூடிக்கொள்ளும். போன நவம்பரில் அந்த ஒரு நாள் மட்டும் மாக்னே அதை நாற்பது தடவையாவது தொட்டிருப்பான். பக்கத்துத் தெரு ஹால்வாரின் மனைவி தூர்டிஸ் வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள்.

"டயரை வீட்டுலயே ஹால்வார் மாட்டிட்டார். ஆனா இது என்னமோ சொல்லுதே மாக்னே, பின் இடதுன்னு. கொஞ்சம் பாரேன்."

"பொய் எச்சரிக்கை தூர்டிஸ். இதெல்லாம் அப்படித்தான், பழைய கணக்கு" என்று சொல்லிக்கொண்டே ஜன்னல் வழியாகக் கையை நீட்டிச் சுட்டுவிரலால் அழுத்தினான். எழுத்து மறைந்தது. அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். குனிந்து பார்த்திருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்கும். பாவி, அந்த அரை நிமிடம் குனியவில்லை.

நான்காம் நாள் க்ரோஃபெல் மலைப்பாதையில் அவள் வண்டி சறுக்கிப் பள்ளத்தில் கவிழ்ந்தது. அவள் பிழைக்கவில்லை. பின் இடது டயர் வழவழவென்று இருந்ததாகப் போலீஸ் எழுதிவிட்டுப் போனார்கள். அவள் கடைக்கு வந்ததை யாரும் கேட்கவில்லை. மாக்னேவும் யாரிடமும் சொல்லவில்லை.

இன்று அதே மலையைக் கடந்து தூர்டிஸின் அம்மா வீட்டுக்கு ஹால்வாரை அழைத்துப் போகிறான். பேருந்து ரத்தாகிவிட்டது. காலையில் கடை வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவரிடம் 'நான் கொண்டுபோய் விடறேன்' என்று அவன் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மலையடிவாரத் தடுப்பில் பகல் இரண்டு மணிக்கே வெளிச்சம் சாம்பலாகிவிட்டிருந்தது. மேலே புயல். தனித்தனியாக விடமாட்டார்கள், பனியள்ளும் லாரி முன்னால் போக, ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டித்தான் போக வேண்டும். ஆரஞ்சு கோட்டு போட்ட லீவ் என்ற பெண் ஒவ்வொரு ஜன்னலாகத் தட்டிக்கொண்டு வந்தாள்.

"ஒன்பதாவது வண்டி, நீங்கதான் கடைசி. முன்னாடி இருக்கிற சிவப்பு விளக்கை விட்டுடாதீங்க. வண்டி நின்னாலும் இறங்கக் கூடாது. போன வருஷம் ஒருத்தர் அவசரம்னு இறங்கினார். கால்சட்டையப் போட்டுக்கிட்டுத் திரும்பறதுக்குள்ள வண்டி எங்கேன்னு தெரியல, பத்தடிதான்!"

ஹால்வார் லேசாகச் சிரித்தார். மாக்னே திரையின் மஞ்சள் எழுத்தைக் கையால் மறைத்தபடி தலையாட்டினான். அவள் போனதும் அழுத்தி அணைத்தான்.

வரிசை நகர்ந்தது. வண்டிக்குள் ஈரக் கம்பளி வாசனை, பிளாஸ்கில் இருந்து காபி வாசனை, அவன் கைகளில் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத ரப்பர் வாசனை. கண்ணாடிக்கு வெளியே பனி குறுக்காகப் பறந்தது, சாலை எது, பள்ளம் எது, வானம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி எல்லாம் ஒரே வெள்ளையாக இருக்க, முன்வண்டியின் இரண்டு சிவப்புப் புள்ளிகளும் சாலை விளிம்பைக் காட்ட ஓரத்தில் நட்டிருந்த குச்சிகளும் மட்டும் வந்து வந்து போயின. ஹால்வார் பழுப்புச் சீஸ் வைத்த ரொட்டியைப் பிரித்துப் பாதியை நீட்டினார்.

"சாப்பிடுப்பா. காலையிலேருந்து நீ ஒண்ணுமே சாப்பிடலை போலிருக்கே."

வாங்கிக்கொண்டான். வாயில் போட்டது மெல்ல மெல்ல மாவாகி அங்கேயே நின்றது.

"அவ அம்மாகிட்ட இன்னிக்குச் சொல்லிடப் போறேன்" என்றார் ஹால்வார், கண்ணாடியைப் பார்த்தபடி. "அந்த டயரை மாட்டினது நான்தான்னு. யாரோ விளம்பரம் போட்டு வித்ததை வாங்கினேன், இருட்டுல மாட்டினேன், ஒண்ணொண்ணாப் பார்க்கலை. அந்தம்மாவுக்கு எண்பத்தோரு வயசு. மகளைக் கொன்னது யாருன்னு தெரியாம சாகக் கூடாதில்லையா?"

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க."

"வேற எப்படிச் சொல்றது?"

இப்போது சொல்லிவிடலாம். அவள் என்னிடம் வந்தாள், நான் பார்க்கவில்லை. ஐந்து சொல்தான். மலையின் அந்தப் பக்கம் இறங்க ஒரு மணி நேரம் இருக்கிறது, அதற்குள் சொல்லிவிட்டால் இந்த மனுஷன் அந்தக் கிழவியின் முன்னால் போய்த் தலை குனிந்து நிற்க வேண்டாம். மாக்னே வாயைத் திறந்தான். வாயில் நின்ற ரொட்டியைத்தான் விழுங்கினான்.

"ஒண்ணுதான் எனக்குப் புரியலை" என்றார் ஹால்வார். "பெல்ட் போடலைன்னா கத்துது. கதவு சரியா மூடலைன்னா கத்துது. டயர் அவ்வளவு தேஞ்சிருக்கு, அதை மட்டும் ஏன் அவகிட்டச் சொல்லலை? நீ தினமும் இதையே பார்க்கிறவன். சொல்லியிருக்காதா?"

"சில நேரம் சொல்லாது" என்றான் மாக்னே.

சொல்லி முடித்த அந்த நொடியில் டிங் என்று மணி அடித்தது. திரையில் எழுத்து. மஞ்சளில் இல்லை, சிவப்பில். ஹால்வார் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு நிதானமாக வாசித்தார்.

"பின் இடது டயர்... சொல்லுதே."

மாக்னே அழுத்தினான். மறைந்தது. மீண்டும் வந்தது. அழுத்தினான். வந்தது.

முன்னால் சிவப்புப் புள்ளிகள் பெரிதாகின. வரிசை நின்றுவிட்டது, லாரி எங்கோ பனிமேட்டை இடித்துக்கொண்டிருக்க வேண்டும். மாக்னே பிரேக்கை அழுத்தி நின்றான். வேகம் பூஜ்யம். ஜன்னலுக்கு வெளியே குச்சி ஒன்று ஒடிந்து கிடந்தது, அதற்கு அப்பால் சாலையோரக் கம்பித்தடுப்பு கொஞ்ச தூரத்துக்கு இல்லை. புதுத் தடுப்பு போடக் கோடையில்தான் வருவார்கள். எந்த இடம் என்று இருவருக்குமே தெரிந்தது.

அப்போதுதான் அது கேட்டது.

ம்ம்ம்ம் என்று மெல்லிய ரீங்காரம். அவன் இருக்கைக்கு நேர் பின்னால், இடப்பக்கம். கடையில் தினமும் கேட்கிற சத்தம்தான். சக்கரத்தின் எடைச் சமநிலையைச் சரிபார்க்கிற எந்திரத்தில் ஏற்றிச் சுழலவிட்டால், தரையைத் தொடாமல் காற்றில் சுற்றும்போது வருகிற சத்தம். மாக்னே வண்டியை முழுக்க அணைத்தான். ஹீட்டர் நின்றது. திரை இருண்டது. ரீங்காரம் நிற்கவில்லை.

"என்ன சத்தம் அது?" என்றார் ஹால்வார்.

"காத்து."

ஹால்வார் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார்.

"அவளை முதல்ல பார்த்தது பனி லாரிக்காரன். ராத்திரி முழுக்க வண்டி தலைகீழாக் கிடந்திருக்கு. காலையில அவன் போறப்போ எல்லாம் செத்துக் கிடந்ததாம், விளக்கு, மோட்டார் எல்லாம். ஒரு சக்கரம் மட்டும் சுத்திக்கிட்டே இருந்ததாம். காத்துல சுத்தியிருக்கும்னு போலீஸ் சொன்னாங்க. அன்னிக்குக் காத்தே இல்லை மாக்னே."

இருண்ட திரை தானாக எரிந்தது. சிவப்பு எழுத்து. மணி.

ஹால்வார் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக் கையுறையைத் தேடினார்.

"நான் ஒரு எட்டுப் பார்த்துட்டு வரேன்."

"வேண்டாம்! இறங்கக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொன்னா இல்ல?"

"வண்டியைப் பிடிச்சுக்கிட்டேதான் போவேன். தேஞ்சிருந்தா?"

"தேயலை. எனக்குத் தெரியும்."

"உட்கார்ந்த இடத்துலேருந்தே எப்படிப்பா தெரியும்?"

இதுதான் தருணம். இந்தக் கிழவரின் கையைப் பிடித்து உட்காரவைக்க ஒரே வழி, ஏன் இந்த எழுத்து தன்னைத் துரத்துகிறது என்று சொல்வதுதான். சொல்லு. சொல்லித் தொலை.

"பொய் எச்சரிக்கை ஹால்வார். இதெல்லாம் அப்படித்தான், பழைய கணக்கு" என்றது அவன் வாய்.

ஒரு சொல் பிசகாமல், அவளிடம் சொன்ன அதே வாக்கியம். கேட்ட அவனுக்கே உடம்பு கூசியது. ஹால்வார் அவன் முகத்தை ஒரு கணம் பார்த்தார்.

"அரை நிமிஷம்தானே" என்று சொல்லிக் கதவைத் திறந்தார்.

காற்று உள்ளே பாய்ந்து ரொட்டித் தாளைத் தூக்கி எறிந்தது. கதவு மூடியது. வண்டியின் மேல் அவர் கை தடவிக்கொண்டே பின்னால் போகிற சத்தம். சர், சர், சர். பிறகு அதுவும் இல்லை.

மாக்னே எண்ணினான். முப்பது. அறுபது. தொண்ணூறு.

ரீங்காரத்தின் சுதி மாறியது. எதன் மீதோ உரசுவது போல. மெதுவாக. கைபட்டது போல.

முன்னால் சிவப்புப் புள்ளிகள் நகர்ந்தன.

"ஹால்வார்!"

ஹாரனை அழுத்தினான். வேலை செய்யவில்லை. விளக்கைப் போட்டு அணைத்து மறுபடி போட்டான். முன்வண்டி நிற்கவில்லை. புள்ளிகள் சிறுத்தன. மங்கின. வெள்ளை. வெள்ளை மட்டும்.

இறங்க வேண்டும். கைப்பிடியில் கை வைத்தான். விரல்கள் மடங்கவில்லை. பயம். வெறும் பயம். வெட்கங்கெட்ட பயம்.

காலியான பக்கத்து இருக்கையைப் பார்த்தான். அவர் உட்கார்ந்த பள்ளம் இன்னும் நிமிரவில்லை.

"நான்தான்" என்றான் அதனிடம். குரல் கிறீச்சிட்டது. "என்கிட்டதான் வந்தா. கேட்டா. நான் குனியலை. பார்க்காமலே அழுத்தினேன். உங்க தப்பு இல்லை ஹால்வார், என் தப்பு, என் தப்பு!"

கத்தினான். தொண்டை கிழியக் கத்தினான். பதினோரு வாரம் வராத சொல் எல்லாம் இப்போது வந்தது. கேட்க ஆள் இல்லை.

இடப்பக்கம், பின்னால் பார்க்கும் கண்ணாடியில் ஏதோ அசைந்தது.

பின்விளக்கின் சிவப்பு வெளிச்சத்தில் ஹால்வார் மண்டியிட்டிருந்தார். கையுறையைக் கழற்றியிருந்தார். அவருக்கு எதிரில், சக்கரத்தின் மறுபக்கம், இன்னொரு உருவம் மண்டியிட்டிருந்தது. தலையில் தொப்பி இல்லை. கூந்தலில் விழுந்த பனி உருகவில்லை.

தூர்டிஸ்.

அவள் கணவனின் மணிக்கட்டைப் பிடித்து, விரல்களை டயரின் மேல் வைத்து வைத்து எடுத்தாள். துணிக்கடையில் கிழிசலைத் தொட்டுக் காட்டுகிறவளைப் போல. இங்கே. இங்கே. இங்கேயும் பாருங்க. நின்ற வண்டியின் சக்கரம் அவர்கள் கைகளுக்குக் கீழே சுற்றிக்கொண்டிருந்தது. பள்ளம் இல்லை. முடி இல்லை. வழவழவென்று இருந்தது.

அவள் உதடுகள் அசைந்தன. நிறையப் பேசினாள், அவசரமே இல்லாமல். ஹால்வார் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார்.

பிறகு அவள் ஒரு கையை நீட்டினாள், ஜன்னலுக்குள் நீட்டுவது போல. சுட்டுவிரலால் காற்றில் ஒரு தடவை அழுத்திக் காட்டினாள்.

ஹால்வார் நிமிர்ந்து, கண்ணாடி வழியாக மாக்னேவின் கண்களை நேராகப் பார்த்தார்.