பிரிக்காதே, ஆடி மாசம்!

போன் அடித்தது.

மரிய ஆல்பர்ட் எடுக்கவில்லை. அவனுக்கு நேரமில்லை. அவன் காலடியில் ஒரு பிணம் கிடந்தது.

காலை ஒன்பதரை மணிக்கு உயிர் போயிருந்தது. கருகல் வாசனை இன்னும் அறையை விட்டுப் போகவில்லை.

பயப்படாதீர்கள்... செத்தது மனுஷன் இல்லை. சர்வர்!

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருக்கிறது 'வழித்துணை' கம்பெனி. அரியலூர் பக்கத்துச் சிமென்ட் லாரிகள் எந்த ரோட்டில், எத்தனை மணிக்கு, என்ன வேகத்தில் போகின்றன என்று பார்த்துச் சொல்கிற வேலை.

நாலு வருஷத்துக்கு முன்னால் நாற்பது லாரி, ஒரே ஒரு கம்ப்யூட்டர். இன்றைக்கு ஆயிரத்து நூறு லாரி, ரெண்டு பெரிய சர்வர். ஒவ்வொன்றுக்குள்ளும் பத்துப் பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள் குடித்தனம் இருக்கிற மாதிரி ஏற்பாடு. ஒரு வீடு இடிந்தால் குடித்தனக்காரர்கள் அடுத்த வீட்டுக்கு மாறிவிடுவார்கள். அதற்காக எல்லாத் தகவலும் எல்லாச் சர்வரிலும் ஒவ்வொரு பிரதி இருக்கும்.

அத்தனையும் ஆல்பர்ட் கட்டியது. ஏலாக்குறிச்சிக்காரன். கெட்டிக்காரன். இன்றைக்கு மட்டும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறான்.

மறுபடி போன்!

எடுத்தான்.

"ஆல்பர்ட்டா?" கரகரத்த குரல்.

"ஆமாங்க. யாரு?"

"உன் தங்கச்சி சுகன்யா மேரி வேப்பந்தட்டை ஸ்கூல்லதானே டீச்சரா இருக்கா?"

"ஆமா... நீங்க யாருங்க?"

"இன்னைக்கு அவ ஸ்கூலுக்குப் போய்ச் சேரல."



"ஏய்... யாருடா நீ?"

"மரியாதை... மரியாதை! இந்தா, பேசு."

"அண்ணா..." சுகன்யாவின் குரல். அழுது அழுது தேய்ந்துபோயிருந்தது. "அண்ணா, ஸ்கூட்டியை மறிச்சு லாரியில ஏத்திட்டாங்க. கண்ணைக் கட்டி வெச்சிருக்காங்கண்ணா..."

கரகரப்பு திரும்ப வந்தது.

"கேட்டியா? இப்ப நான் சொல்றதைக் கேளு. இந்த மாசம் ஆறாம் தேதி. சாயங்காலம் ஆறரைலேர்ந்து ஏழரை. 4417 லாரி எங்க போச்சு, எங்க நின்னுதுன்னு உங்க மெஷின்ல இருக்கு. அந்த ஒரு மணி நேரத்தை அழி. பன்னெண்டு மணிக்குள்ள!"

"அழிச்சா?"

"தங்கச்சி வூட்டுக்கு வருவா. போலீஸுன்னு போனே... நாளைக்கு மாதா திருநாளுக்கு நீ தனியாத்தான் ஊருக்குப் போவே."

டொக்!

மணி பத்து இருபது.

ஆறாம் தேதி என்றதுமே ஆல்பர்ட்டுக்குப் புரிந்துவிட்டது. அன்று சாயங்காலம்தான் தா.பழூர் ரோட்டில் வேல்முருகன் செத்துப்போனார். அளவுக்கு மேல் பாரம் ஏற்றும் லாரிகளால் ஊர் ரோடு நாசமாகிறது என்று கலெக்டர் ஆபீஸுக்கு மனு மேல் மனு கொடுத்த விவசாயி. மொபெட்டில் போனவரை ஏதோ வண்டி அடித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது.

எந்த வண்டி? யாருக்கும் தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் ஹேமலதா அந்த நேரத்து லாரி ரெக்கார்டு மொத்தமும் கேட்டு எழுதியிருந்தார். திங்கட்கிழமை வாங்கிக்கொள்ள வருவதாக ஏற்பாடு.

முந்தாநாள் வேல்முருகனின் மனைவி வீராயி இதே படியேறி வந்து நின்றார்.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம் தம்பி. எந்த வண்டின்னு மட்டும் சொல்லிடு. தெரியாம தூக்கம் வரல."

"திங்கக்கிழமை தெரிஞ்சிடும்மா. கண்டிப்பா!" என்று வாக்குக் கொடுத்திருந்தான் ஆல்பர்ட்.

இப்போது அவன் கை கீபோர்டுக்குப் போனது.

'மன்னிச்சிடுங்கம்மா... எனக்கு இருக்கறது ஒரே தங்கச்சி.'

4417. ஆறாம் தேதி. ஆறரை முதல் ஏழரை. அழி!

திரை ஒரே வரியில் பதில் சொன்னது.

'அனுமதி இல்லை.'

மறுபடி தட்டினான். 'அனுமதி இல்லை.'

தலையில் அடித்துக்கொண்டான். தப்பு அவன்மேல்தான்.

மூன்றாவது சர்வர் ஒன்று ஆடி நாலாம் தேதியே வந்து இறங்கியிருந்தது. வந்த சந்தோஷத்தில், பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே அதன் பெயரைக் கூட்டத்தில் சேர்த்துவிட்டான். இனி மூன்று பேர் சபை. எழுதுவதோ அழிப்பதோ ரெண்டு பேர் கை தூக்கினால்தான் நடக்கும்.

ஒருத்தன் காலையில் செத்துவிட்டான். ஒருத்தன் அட்டைப்பெட்டிக்குள். மிச்சமிருந்த ஒருத்தன் தனியாக முடிவெடுக்கமாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்!

சரி... பெட்டியைப் பிரித்து மாட்ட வேண்டியதுதானே என்கிறீர்களா?

அங்கேதான் ஓனர் வேணுகோபால் வருகிறார்.

வேணுகோபால் உடையார்பாளையத்துக்காரர். கம்ப்யூட்டரை ஆன் செய்யத் தெரியாது. ஆனால் பஞ்சாங்கம் தலைகீழ்ப் பாடம். சர்வர் வந்த அன்று ஆல்பர்ட் கத்தியோடு பெட்டியை நெருங்கியபோது பாய்ந்து வந்து கையைப் பிடித்தார்.

"பிரிக்காதே! ஆடி மாசம்! ஆடியில புதுசா எதையும் ஆரம்பிக்கப்படாதுப்பா. ஆவணி ஒண்ணாந்தேதி பொட்டு வெச்சு, தேங்காய் உடைச்சுப் பிரிப்போம்."

பெட்டியைத் தன் ரூமில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். மகள் கீதாஞ்சலிக்கு வாங்கிய ஸ்கூட்டியையே ஷோரூமில் நிறுத்தி வைத்திருக்கிற மனுஷன். சர்வர் எந்த மூலைக்கு?

இன்று காலை சர்வர் கருகியதும் போனில் கெஞ்சிப் பார்த்தான் ஆல்பர்ட்.

"சார், ஆயிரத்து நூறு லாரியும் இருட்டுல ஓடுது. அந்தப் பெட்டியை..."

"இன்னும் மூணே நாள்ல ஆவணி பொறக்குது. லாரிக்காரங்ககிட்ட நான் பேசிக்கறேன். இன்னைக்கு ஆடி கடைசி வெள்ளி வேற. வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரு!"

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டார்.

பத்து ஐம்பத்தைந்து. போன்!

"அழிச்சாச்சா?"

"சார்... அழிக்க முடியல. சர்வர் டவுன்..."

மறுமுனையில் ஒரு சிரிப்பு. கேட்கவே அசிங்கமாக இருந்தது.

"எங்கிட்டயேவா? ரேஷன் கடையில அரிசி இல்லன்னு சொல்ல மாட்டான், சர்வர் டவுன்னுதான் சொல்லுவான். வேற கதை சொல்லு!"

"மாதா மேல சத்தியமா நிஜம் சார்!" ஆல்பர்ட் அழுதேவிட்டான். "ரெண்டு மெஷின் ஓடினாத்தான் அழிக்க முடியும். ஒண்ணு எரிஞ்சுபோச்சு. புதுசு ஒண்ணு பெட்டியில இருக்கு. ஆனா எங்க ஓனரு ஆடி முடியாம தொட விடமாட்டேங்கறாரு. சாவி அவர்கிட்ட. நான் என்ன பண்ணுவேன் சார்? நீங்க சொல்றதைச் செய்யத் தயாராத்தான் இருக்கேன்... என்னால முடியல சார்!"

நியாயமாக இருக்கத் தயாரில்லாத மனுஷர்களைப் பார்த்திருக்கிறோம். குற்றம் செய்யக்கூட வழியில்லாமல் அழுத மனுஷன் பெரம்பலூரிலேயே இவன் ஒருத்தன்தான்.



மறுமுனையில்... டொக்!

ஆல்பர்ட் ஓனர் ரூம் கதவைத் தோளால் இடித்தான். தேக்கு. தோள்தான் வீங்கியது. வேணுகோபாலுக்குப் போன் போட்டான். பிஸி. மறுபடியும் பிஸி.

தரையில் உட்கார்ந்துவிட்டான். சுகன்யா காலையில் டிபன் டப்பாவை மறந்துவிட்டுப் போனது நினைவுக்கு வந்தது. பசியோடு இருப்பாள் என்று தோன்றியதும் வாய்விட்டு அழுதான்.

பதினொன்று பத்து. மாடிப்படியில் தடதடவென்று செருப்புச் சத்தம்.

வேணுகோபால்!

சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் சாவி.

"ஆல்பர்ட்டு! எந்திரி. பெட்டியைப் பிரி!"

"சார்...?"

"பிரிங்கறேன்ல?"

"ஆடி மாசம் சார்..."

"பரவால்ல."

"வெள்ளிக்கிழமை பத்தரை டு பன்னெண்டு... ராகு காலம் சார்."

"அட, பிரிய்யா! அவசரம்னா சாமி கோவிச்சுக்காது!"

ராகு காலத்தில் கூரியர்காரனுக்குக் கையெழுத்துப் போடாத மனுஷன், தானே கத்தியை எடுத்துப் பெட்டியைக் கிழித்தார்.

ஆல்பர்ட் மனசுக்குள் கணக்குப் போட்டான்.

ஒன்பதே முக்காலுக்கு மாட்டேன் என்றவர். அதற்கப்புறம் ஆல்பர்ட் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பெட்டி இல்லாமல் அழிக்க முடியாது என்று அவன் சொன்னது உலகத்தில் ஒரே ஒருத்தனிடம்.

கரகரத்த குரல்காரனிடம்!

இப்போது கத்தினால் சுகன்யா இல்லை. ஆல்பர்ட் சர்வரைத் தூக்கி மாட்டினான். ஒயர்களைச் சொருகினான். ஒரு ஒயர் மூன்று தடவை நழுவியது. பின்னால் வேணுகோபாலின் மூச்சு கழுத்தில் பட்டது.

"எவ்வளவு நேரம் ஆகும் தம்பி?"

"அது பழைய மெஷினைப் பாத்து எல்லாத்தையும் எழுதிக்கணும் சார்."

திரையில் எண் நகர்ந்தது. பன்னிரண்டு சதவீதம்... முப்பது... முப்பத்தொன்று... முப்பத்தொன்றிலேயே நின்றது...

"ஏன் நிக்குது?"

"தெரியல சார்."

நகர்ந்தது. ஐம்பது... எண்பது... நூறு!

பதினொன்று ஐம்பத்து நாலு. சபைக்கு ரெண்டு கை வந்தது. ஆல்பர்ட் கண்ணை மூடிக்கொண்டு பட்டனைத் தட்டினான்.

'அழிக்கப்பட்டது.'

வீராயியின் முகம் கண்ணுக்குள் வந்தது. அவன் அதைத் துடைக்கவில்லை. அந்தத் தண்டனையாவது தனக்கு வேண்டும் என்று நினைத்தான்.

வேணுகோபால் பால்கனிப் பக்கம் நகர்ந்தார். ரெண்டே நிமிஷம். ஆல்பர்ட்டின் போன் அடித்தது.

"முடிஞ்சுதா? எல்லா மெஷின்லயும்?"

"ஓடற மெஷின் எல்லாத்துலயும் அழிஞ்சுபோச்சு சார். என் தங்கச்சி..."

"வாலிகண்டபுரம் கோயிலு வாசல்ல விட்டிருக்கேன். கூட்டிக்க."

சுகன்யா மதில் நிழலில் செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் எழக்கூட முடியவில்லை.

"அண்ணா... அந்த ஆளு போன்ல 'பெட்டியைப் பிரிச்சிடுங்க மொதலாளி, வேற வழியில்ல'ன்னு சொன்னாண்ணா. என்ன பெட்டிண்ணா?"

ஆல்பர்ட் அவள் தலையைத் தடவினான். அப்புறம் போனை எடுத்தான்.

"இன்ஸ்பெக்டர் மேடம்ங்களா? நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். முழுசா சொல்லிடறேன்..."

சாயங்காலம் நாலு மணி. வழித்துணை ஆபீஸ். ஹேமலதாவோடு ரெண்டு கான்ஸ்டபிள்கள். வேணுகோபால் வாயெல்லாம் பல்.

"ஆறாம் தேதி ரெக்கார்டுதானே மேடம்? தாராளமா பாருங்க. நம்மகிட்ட ஒளிவுமறைவே கெடையாது!"

திரையில் 4417. ஆறு இருபத்தொன்பது வரை ஒரு கோடு. ஏழு முப்பத்தொன்றில் மறுபடி கோடு. நடுவில் வெறுமை.

"அடடா! அந்நேரம் பாத்து சிக்னல் இல்லாம போயிடுச்சு போலிருக்கு."

"4417 யாரு வண்டிங்க சார்?"

"ஆயிரத்து நூறு வண்டி மேடம். எனக்கெங்க ஞாபகம்?"

"உங்க மச்சான் பேர்ல இருக்கு. ஓட்ற டிரைவர் ஜெயப்பிரகாஷை இப்பத்தான் எறையூர் பக்கம் பிடிச்சோம். குரல் கரகரன்னு இருக்கு."

பல் மறைந்தது. "டிரைவர் என்ன வேணா சொல்லுவான் மேடம். ரெக்கார்டு பேசணுமே... ரெக்கார்டுதான் இல்லையே!"

"இருக்கு சார்" என்றான் ஆல்பர்ட்.

எல்லோரும் திரும்பினார்கள். அவன் மூலையில் கிடந்த பிணத்தைக் காட்டினான்.

"காலையில செத்துதே, அந்த மெஷின். கரண்டு வாங்கற பாகம்தான் எரிஞ்சிருக்கு. டிஸ்க் முழுசா இருக்கு. நான் அழிச்சப்ப அது உயிரோட இல்ல. அதனால அழிக்கச் சொன்னது அதுக்குக் கேக்கல!"

"உயிர் கொடுத்தா?" ஹேமலதா கேட்டார்.

"மத்த ரெண்டையும் பாத்து இதுவும் அழிச்சுக்கும் மேடம். அதான் எல்லா ஒயரையும் பிடுங்கிட்டேன். டிஸ்கைத் தனியா கழட்டிப் படிக்கணும்."

அரைமணி நேரம். சைபர் பிரிவு ஆள் கொண்டுவந்த லேப்டாப்பில், அழிந்துபோன அந்த ஒரு மணி நேரத்து ரெக்கார்டு முழுசாகத் திறந்தது.

ஆறு ஐம்பத்தெட்டு. தா.பழூர் ரோடு. வேகம் எழுபத்தொன்று.

ஆறு ஐம்பத்தொன்பது. நின்றது.

ஏழு மணி. ரிவர்ஸில் பின்னால் வந்தது.

மறுபடி... முன்னால் போனது.

விபத்து என்றால் லாரி நிற்கும், அல்லது ஓடிவிடும். திரும்பி வந்து ஏறாது.

"இதை நான் எப்படி வீராயிம்மாகிட்ட சொல்லுவேன் மேடம்?" ஆல்பர்ட்டின் குரல் உடைந்தது. "எந்த வண்டின்னு மட்டுந்தானே கேட்டாங்க..."

"அதை நான் சொல்லிக்கறேன். நீங்க தங்கச்சியைக் கூட்டிக்கிட்டு ஸ்டேஷனுக்கு வாங்க. நீங்க அழிச்சதையும் எழுதித்தான் கொடுக்கணும்."

ஆல்பர்ட் தலையாட்டினான்.

வேணுகோபாலின் உடம்பு தள்ளாடியது. மார்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"மேடம்... நெஞ்சு வலிக்குது... ஆஸ்பத்திரிக்கு..."

ஹேமலதா குனிந்து அவர் கை இருந்த இடத்தை நிதானமாகப் பார்த்தார்.

"ஹார்ட்டு இடது பக்கம் சார்... வலது பக்கம் நிக்கறது ஜீப்பு. ஏறுங்க!"